இடக்கைத் தையல்

கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு நடத்திவிட்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அருங்காட்சியக இயக்குநராக வந்தேன். சிங்காநல்லூர் பக்கம் மூடப்பட்ட பஞ்சாலை ஒன்றின் கிடங்கை எடுத்து, கொங்குப் பகுதியின் வரலாற்றைக் காட்ட சில தொழில் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்திருந்தார்கள். இனி விடைத்தாள் திருத்த வேண்டாம், நிம்மதியாக ஆராய்ச்சி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான். வந்த முதல் மாதத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது. கூரை ஒழுகும். கழிப்பறைக் குழாயை யாராவது திறந்தே விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிப் பேருந்துகள் ஒரே நேரத்தில் மூன்று வந்து நிற்கும். மாலைக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் காலையிலேயே சால்வை வாங்க ஆள் அனுப்ப வேண்டும். வரலாறு என்பது இவற்றுக்கெல்லாம் நடுவில், சாப்பாட்டு நேரத்தில், பத்து நிமிடம் கிடைத்தால் நினைத்துப் பார்க்கிற விஷயமாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது நாங்கள் திறந்து நான்காவது வருடத்தில் நடந்தது.

எங்கள் முதல் கூடத்தில் ஒரு தோல் பறி இருந்தது. பம்புசெட் வருவதற்கு முன்னால், கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கக் காளைகள் இழுத்த பெரிய தோல் பை அது. அந்த முறைக்கே இந்தப் பக்கம் கவலை என்றுதான் பெயர். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அன்னூர் அருகே பெரிய தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தார் கொடுத்த பறி. கூடத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் பொருள் அதுதான்.

ஒரு வார நாள் பிற்பகல், கூடத்தில் காவலர் குரலை உயர்த்துவது என் அறை வரைக்கும் கேட்டது. எழுந்து போனேன். எண்பது வயதை ஒட்டிய ஒரு பெரியவர் பறியின் முன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, வெறுங்கால். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்; நாங்கள் யாரையும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. பக்கத்தில் அவர் மகள். நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்டிருந்தார். ஒரு மருத்துவமனையில் மூத்த செவிலியர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பெரியவர் தோலைத் தொட்டுட்டாருங்க மேடம். சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு" என்றார் காவலர்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் மகள். "அய்யனுக்குப் படிக்கத் தெரியாதுங்க. தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கறதை நான்தான் சொல்லியிருக்கோணும்."

பெரியவர் எங்கள் இருவரையும் கவனித்ததாகத் தெரியவில்லை. "இது எங்கய்யன் தெச்சதுங்க" என்றார்.

அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தினமும் கேட்பார்கள். இதே போல் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது, எங்கள் பாட்டன் செய்தது, எங்கள் அத்தை வைத்திருந்தது. அதற்கென்று ஒரு சிரிப்பை நானும் பழகி வைத்திருந்தேன். "அப்படீங்களா, சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"அம்மணி, போகாதீங்க. சித்தெ இங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். இப்போது அவர் தொடவில்லை. விரலை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு, பறியின் அடிப்பக்கம் ஓடிய தையலைக் காட்டினார். "எல்லாத்து தையலும் இந்தப் பக்கம் சாயுமுங்க. இது பாருங்க, அந்தப் பக்கம் சாயுது. எங்கய்யன் எடக்கையிங்க. சோறு மட்டுந்தான் சோத்தாங்கையில திம்பாரு. ஊசி புடிச்சா எடக்கைதான்."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். எங்களுக்குப் பறி வந்த தோட்டம் இருக்கிற அதே ஊர். அவரும் அவர் தகப்பனாரும் அந்தத் தோட்டத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். மகள் அதற்குள் பலகையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். 'அன்னூர் வட்டார விவசாயி தம் கிணற்றில் நீர் இறைக்கப் பயன்படுத்திய தோல் பறி.' கீழே, வழங்கிய குடும்பத்தின் பெயர். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கெணறு அவங்களுதுதானுங்க மேடம், அதுல ஒண்ணுமில்ல. ஆனா தோலைப் பதம் பண்ணித் தெச்சது எங்கப்பாரு, அய்யனோட அய்யன். மாட்டை ஓட்டி எறச்சது எங்கய்யன். அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்களே?"

அந்தப் பலகையை எழுதியவள் நான்தான். என் முனைவர் பட்ட ஆய்வில் கவலை இறைப்பு பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. கிணற்றின் ஆழம், காளைகள் ஓடும் சரிவின் நீளம், ஒரு நாளில் எவ்வளவு நிலம் பாயும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். பையை யார் தைத்தார்கள் என்று அதில் ஒரு சொல் இல்லை. அதைப் படித்துப் பாராட்டியவர்களில் ஒருவருக்கும் அது குறையாகத் தோன்றவும் இல்லை.

விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன். "நல்லா விசாரிச்சே எழுதுங்க மேடம்" என்றார் மகள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

விசாரித்தேன். அன்னூரைச் சுற்றி வேறு மூன்று தோட்டங்களில் பழைய பறிகள் பரணில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தையல் ஒரே பக்கம்தான் சாய்ந்திருந்தது. எங்களுடையது மட்டும் மறுபக்கம். தூசி படிந்த பரணில், முழங்கால் வலியோடு, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாவது பறியைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, இயக்குநராக வந்த பிறகு எனக்குக் கிடைத்த மிகச் சில மகிழ்ச்சிகளில் ஒன்று.

அடுத்த ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அன்னூரைத் தாண்டி, மகள் கட்டிய இரண்டறை வீடு. ஒலிப்பதிவுக் கருவியை நாற்காலியில் வைத்துவிட்டு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் இரண்டு மணி நேரம் பேசினார். பாதி நேரம் காளைகளைப் பற்றித்தான். மயிலைக்காளை பிடிவாதக்காரன், செவலை சொன்ன பேச்சைக் கேட்கும், பின்பக்கமாகவே நடந்து சரிவில் ஏறும்போது எது கழுத்தைத் திருப்பும், எது திருப்பாது. அவர் தகப்பனார் செத்த மாட்டை உரித்து, தோலை ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவார். அந்த நாற்றத்துக்குப் பயந்து ஒருவரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

"நாங்க தெச்ச பறி கெணத்துக்குள்ள போகுமுங்க" என்றார். "நாங்க எறங்கக் கூடாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. மாறியது வேறோர் இடத்தில்.

"பொறவு மோட்டார் வந்துச்சுங்க. ஒரு வாரம் ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. நானுந்தான் பாத்தேன். பட்டனை அமுக்குனாத் தண்ணி. அடுத்த வாரம் பண்ணாடி கூப்புட்டுச் சொன்னாரு, நாளையிலிருந்து நீ வர வேண்டாம், ஊட்டுக்குப் போன்னு. காளைகளைச் சந்தைக்கு ஓட்டுனாங்க. அதுகளையாவது நாலு பேரு வந்து பல்லைப் புடிச்சுப் பாத்தாங்க. எங்களை ஆரும் பாக்கலீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பண்ணாடி என்பது தோட்டத்துக்காரரை அவர்கள் அழைத்த சொல்.

கிளம்பும்போது, அவர் தகப்பனார் பெயரைப் பலகையில் எழுதப்போவதாகச் சொன்னேன்.

"எழுதுங்க. ஆனா பண்ணாடியைப் பத்திக் கெட்டதா எழுதிப்போடாதீங்க. அவரு பையன் இப்பவும் எங்க கண்டாலும் நின்னு பேசுவாரு."

"அய்யா, நீங்க சும்மா இருங்க" என்றார் மகள், வாசலிலிருந்து.

பேருந்தில் திரும்பி வரும்போது எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். நான் பிறந்தது தாராபுரத்தில். அமராவதிப் பாசனத்தில் எங்களுக்கும் வயல் இருந்தது. அங்கேயும் தண்ணீர் கட்ட ஓர் ஆள் வருவார். என்னைத் தோளில் தூக்கி வாய்க்காலைத் தாண்ட வைத்தவர். அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்து, அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "தெரியலையே, எதுக்கு?" என்றார். சும்மாதான் என்று வைத்துவிட்டேன்.

புதிய பலகைக்கு நான்கு வரி எழுதினேன். தைத்தவர் பெயர், இறைத்தவர் பெயர், தோட்டத்துக் குடும்பத்தின் பெயர் மூன்றும் அதில் இருந்தன. அறக்கட்டளைத் தலைவரிடம் காட்டினேன். நல்ல மனிதர். இரண்டு முறை படித்தார். "தப்பொண்ணும் இல்லீங்க மேடம். எதுக்கும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றார்.

சொன்னேன். தோட்டத்துக் குடும்பத்தின் மகன் போனில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நான் நேர்லயே வாரேனுங்க" என்றார். மறுநாளே வந்தார், தோட்டத்துக் கொய்யாப்பழம் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு. ஐம்பது வயதுக்காரர். நான் உட்காரச் சொல்லும் வரை உட்காரவில்லை.

"நீங்க எழுதுனது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேனுங்க மேடம். தெச்சது அவராத்தான் இருக்கும். ஆனா எங்கய்யன் பேரும் அவரு பேரும் ஒரே பலகையில வந்தா ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்று சிரித்தார்.

வேண்டுமானால் அவர்கள் குடும்பப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன். "பொருளு எங்களுதுங்களே" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்தார். பறியை அவர்கள் எங்களுக்குக் கொடுத்தபோது எழுதிய படிவத்தின் நகல். அன்பளிப்பு, இரவல் என்ற இரண்டு கட்டங்களில் இரவல் என்பதில் குறி இருந்தது. கீழே என் கையெழுத்து.

அது என் தவறு. திறப்பு விழாவுக்கு மூன்று வாரமே இருந்தபோது முதல் கூடம் பாதி காலியாகக் கிடந்தது. கிடைத்ததை எல்லாம் வாங்கி வைத்தேன். அவருடைய தகப்பனார் அப்போது உயிரோடிருந்தார். "இப்போதைக்கு வெச்சுக்குங்க, பொறவு பாத்துக்கலாம்" என்றார். பிறகு பார்க்கவே இல்லை. மாணவர்களுக்கு ஆவணத்தின் அருமையைப் பாடமாக நடத்தியவள், என் மேசையில் இருந்த ஆவணத்தை நான்கு வருடம் திருப்பிப் பார்க்கவில்லை.

அறக்கட்டளைக் கூட்டத்தில் இது அரைமணி நேரம் பேசப்பட்டது. பைபரில் அதே போல் ஒன்று செய்து வைத்துவிடலாம் என்றார் ஒருவர். பழைய பலகையே இருந்துவிட்டுப் போகட்டும், பொருள் முக்கியமா எழுத்து முக்கியமா என்றார் இன்னொருவர். பழைய பலகையை இனி என்னால் வைக்க முடியாது என்று சொன்னேன். ராஜினாமா செய்வேன் என்று சொல்லவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லலாம் என்று நினைத்திருந்தேன்தான். ஆனால் கூரை வேலை பாதியில் நின்றது. என்னை நம்பி ஆறு பேர் வேலையில் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு கடிதம் எழுதி இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்குகிற தெம்பு எனக்கு இல்லை. பறியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

நானே கட்டிவைத்தேன். அதற்கு முன் ஒவ்வொரு தையலாகப் படம் எடுத்துக்கொண்டேன். பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு விழாமல் உள்ளே துணிப் பந்துகளை வைத்தேன். ஒரு பிக்அப் வண்டி வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். அறக்கட்டளைத் தலைவர் தம் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கீழே வரவில்லை. இப்போது அது அன்னூர் சாலையில் அந்தக் குடும்பம் தொடங்கியிருக்கும் தோட்டத்து உணவகத்தின் வாசலில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டேன். உள்ளே பல்பு எரிகிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

பெரியவரின் மகளான அந்தச் செவிலியருக்குப் போன் செய்ய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. செய்தபோது அவர் பணியில் இருந்தார். பின்னால் யாரோ இருமும் சத்தம். "ஒரு நிமிசமுங்க மேடம், ட்ரிப்ஸ் முடியுது" என்று போய்விட்டுத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். பழைய பலகையை வைக்க நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எங்களை ஒருக்காக் கேட்டிருக்கலாமுங்க மேடம்" என்றார் பிறகு. "பழைய போர்டே இருந்துட்டுப் போகுதுன்னு நாங்க சொல்லியிருப்போமோ என்னமோ. அய்யன் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போலாமுன்னு இருந்தாரு. பஸ்சுகூட விசாரிச்சு வெச்சிருந்தாரு."

நான் ஏதோ சொன்னேன். அவர், "சரிங்க, அய்யன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டார். தோட்டத்துக்காரரிடம் கேட்டேன், தலைவரிடம் கேட்டேன், கூட்டத்தில் ஏழு பேரிடம் கேட்டேன். யாருடைய தகப்பன் தைத்த பொருளோ அவர்களிடம் மட்டும் கேட்கவில்லை. அன்று மாலை அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகும் நாற்காலியிலிருந்து எழ மனம் வரவில்லை. எழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், போனால் மறுநாள் திரும்பி வர வேண்டும்.

மறுநாள் வந்தேன். வேறென்ன செய்வது. மூன்று பள்ளிகள் வந்திருந்தன.

சில மாதங்கள் கூடத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. பிறகு, பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், இந்த ஊரிலேயே செய்த பழைய பம்பு மோட்டார் ஒன்றைத் தர முன்வந்தார். இந்த முறை படிவத்தில் அன்பளிப்பு என்ற கட்டத்தில் அவரையே குறியிடச் சொல்லி, இரண்டு முறை படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். மோட்டாருக்குப் பலகை எழுத உட்கார்ந்தபோது, பெரியவர் சொன்னது காதில் கேட்டது. எழுதுவதற்கு முன் செவிலியருக்குப் போன் செய்தேன். மோட்டார் பற்றி அய்யன் சொன்னதை அவர் பெயரோடு போடலாமா, ஊர் பெயரும் பண்ணாடியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அவர் தகப்பனாரிடம் கேட்டுவிட்டு மறுநாள் கூப்பிட்டார். "மோட்டாரைப் பத்தித்தானே, போடச் சொல்லுன்னாருங்க. ஊர் பேரு மட்டும் வேண்டாமாம்."

தலைவர் அந்தப் பலகையையும் இரண்டு முறை படித்தார். மோட்டார் என்றால் இந்த ஊருக்கே பெருமை. அதன் கீழே இப்படி ஒரு வாக்கியம் நிற்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இருக்கட்டுமுங்க" என்றார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மோட்டாரில் எந்த வீட்டு மானமும் ஒட்டியிருக்கவில்லை போலும். பெரும்பாலோர் அதைப் படிக்காமலே கடந்து போகிறார்கள். எப்போதாவது ஓர் ஆசிரியர் நின்று படித்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பார்.

மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகல் தகப்பனும் மகளும் வந்தார்கள். பெரியவர் இப்போது கைத்தடி வைத்திருந்தார். மோட்டாரைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்த்தார். "இதேதானுங்க. சத்தந்தான் இல்ல" என்றார். பறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகள் பலகையை அவருக்குப் படித்துக் காட்டினார். "'அடுத்த வாரம் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீ வர வேண்டாம், வீட்டுக்குப் போ என்றார்கள்.'"

பெரியவர் நிமிர்ந்தார். "வீட்டுக்கா? ஊட்டுக்குன்னுதானே நாஞ் சொன்னேன்?"

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒலிப்பதிவில் அவர் சொன்னது ஊட்டுக்கு என்றுதான். எழுதும்போது நான் திருத்திவிட்டேன், திருத்துகிறேன் என்ற நினைப்பே இல்லாமல்.

"விடுங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார் மகள்.

"ஒண்ணுதான். ஆனா நாஞ் சொன்னது ஊட்டுக்கு" என்றார் பெரியவர்.

அவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். மறுநாள் காலை அச்சகத்துக்குப் போன் செய்து, அந்தப் பலகையை மறுபடி அடிக்க வேண்டும், ஒரு சொல் மாறுகிறது என்று சொல்லி எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அச்சகத்துக்காரர் திருப்பிக் கூப்பிட்டார்.

"மேடம், இதுல எழுத்துப்பிழையா இருக்குதுங்களே. திருத்திப்போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க. அப்படியே அடிங்க" என்றேன்.